பித்தளை மீன்கள்

அன்று வீட்டில் நான் இருந்தேன். என் தங்கை ஜொவான்னா இருந்தாள். எதிர்வீட்டு மரப் பால்கனியில் ஸ்டெல்லா இருந்தாள். கீழே, எங்கள் வாசற்படியில், மாநாட்டுக்கு வந்த ஒரு பெண் நின்றாள்.

வேறு ஒருவரும் இல்லை. மால்டாவின் தலைநகரான எங்கள் வலெட்டாவில் பாதிப்பேர் அங்கே நின்றதுபோல இப்போது பேசிக்கொள்வதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கதவில் தட்டுவதற்கென்று இரண்டு பித்தளை மீன்கள் உண்டு. எதிர்வீட்டுக் கதவில் ஒரு பித்தளைக் கை. அந்தப் பெண் எங்கள் இடது மீனைப் பிடித்துத் தட்டினாள். மூன்றாம் நாளாக.

நான் கூடத்துக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். உட்கார்ந்தால் கால் ஆடியது. எழுந்தால் கை சும்மா இருக்கவில்லை. சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். காலையிலேயே கொடுத்தாகிவிட்ட சாவி.

மாநாடு வந்தால் எங்கள் தெருவுக்கு நிம்மதி கிடையாது. கழுத்தில் அட்டை தொங்கவிட்டவர்கள் படிகளில் ஏறி இறங்குவார்கள், சுவரைத் தடவுவார்கள், படம் எடுப்பார்கள். இந்த முறை வந்தவர்கள் உப்புக்காற்று கல்லை அரிப்பதைப் பற்றிப் பேச வந்தவர்களாம். எங்கள் வீட்டுக் கல் இன்னும் நிற்கிறது.

முதல் நாள் இவளையும் அப்படி ஒருத்தி என்றே நினைத்தேன். ரொட்டி வண்டிவரை போய்த் திரும்பிய ஜொவான்னா மூச்சிரைக்க மேலே வந்தாள்.

"அண்ணே, அந்தப் பொண்ணு கழுத்துல நம்ம குடும்பப் பேரு தொங்குது. தெபோனோன்னு. மெல்போர்ன்னு ஊரு போட்டிருக்கு."

மெல்போர்னில் எங்களுக்கு ஒருவன் உண்டு. என் தம்பி. அவன் பெயரை இங்கேயும் எழுதப்போவதில்லை.

எதிர்வீட்டு ஸ்டெல்லாவுக்கும் அவனுக்கும் நிச்சயமாகி, கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாணத்தை அறிவித்து, விருந்தாளிகளுக்குக் கொடுக்கச் சர்க்கரை பூசிய பாதாம்கூட வாங்கி வைத்த பிறகு, யாரிடமும் சொல்லாமல் கப்பலேறியவன்.

அன்று ஸ்டெல்லாவின் தகப்பனார் எங்கள் கூடத்தில் தொப்பியைக் கழற்றாமல் நின்றார். வீட்டுக்கு மூத்தவன் நான். அவருக்கு வாக்குக் கொடுத்தேன். அவன் பெயர் இந்தக் கூரையின்கீழ் வராது. அவன் ரத்தம் இந்த வாசலைத் தாண்டி உள்ளே வராது.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வாக்கு இருக்கிறது. ஸ்டெல்லா வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் தெரு அகலம் குறைந்த தெரு. இத்தனை வருடமாக அவள் பால்கனியில் அவளும், என் பால்கனியில் நானும்.

மீன் மறுபடி தட்டியது.

"சாயங்காலம் பிளேன்ல போயிடுவாளாம், ரொட்டிக்காரன் சொன்னான்," என்றாள் ஜொவான்னா. "தெருநாய் வந்தாக்கூடத் தண்ணி வெப்போம் அண்ணே."

"கதவத் தெறக்கக் கூடாது."

எதிரிலிருந்து ஸ்டெல்லா குரல் கொடுத்தாள். "ஏ இந்த்ரி! ஒன் வாசல்ல ஆளு நிக்குது. காது செவிடாப் போச்சா, இல்ல ஆளே செத்துட்டியா?"

என்னைச் சோதிக்கிறாள் என்று நினைத்தேன். திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

ஜொவான்னா அடுக்களைக்குப் போனாள். திரும்பியபோது காய்கறி வாங்கும் கூடையில், தக்காளி தேய்த்து எண்ணெய் விட்ட ரொட்டி இருந்தது. திரையை விலக்கி, பால்கனியிலிருந்து கயிற்றை இறக்கத் தொடங்கினாள்.

"என்ன பண்றே?"

"கதவத் தெறக்கக் கூடாதுன்னுதான் சொன்னீங்க. கூடையப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

கூடை ஆடி ஆடி இறங்கியது. பெண் நிமிர்ந்து பார்த்தாள். அது எங்கள் அப்பாவின் தாடை.

ரொட்டியை எடுத்தாள். தின்னவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு, எங்கள் மொழியில், இந்த ஊரே மறந்துபோன பழைய உச்சரிப்பில், தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

"அத்தே, அப்பா தவறிட்டாரு. வீட்ல போய்ச் சொல்லிடுன்னு சொல்லிட்டுத்தான் போனாரு."

கோட்டையில் தினமும் போடும் நண்பகல் பீரங்கி வெடித்தது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்து அடங்கின. ஜொவான்னா கயிற்றை விடவில்லை.

நான் திருப்புளியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

கதவைத் திறந்ததும் அவள் உள்ளே காலெடுத்து வைக்கப் பார்த்தாள். கையைக் காட்டி நிறுத்தினேன். நான் வெளியே வந்து அவள் பக்கத்தில் நின்றேன். வாசலைத் தாண்டியது நான். அவள் தாண்டவில்லை.

பிறகு மீன்களைக் கழற்றினேன்.

அப்பா போனபோது கழற்றியவை. அம்மா போனபோது கழற்றியவை. வீட்டு ஆள் போனால் மட்டுமே அவை கதவைவிட்டு இறங்கும். துக்க வீட்டை யாரும் தட்டக் கூடாது என்பது எங்கள் ஊரின் பழைய வழக்கம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியாது.

அவளுக்குத் தெரிந்திருந்தது. கேட்காமலே உள்ளங்கையை நீட்டி, திருகாணிகளை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டாள்.

"பெரியப்பாவா?" என்றாள்.

தலையசைத்தேன். அவன் பெயரைச் சொல்லவில்லை.

ஸ்டெல்லாவைப் பார்க்க எனக்கு முகமில்லை. திருகாணிகளை வாங்கிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமலே உள்ளே வந்து கதவைச் சாத்தினேன்.

மாநாட்டுக்கு வந்த ஒருத்தி எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக் கதவுகளிலிருந்து பித்தளையைத் திருடிக்கொண்டு விமானம் ஏறிவிட்டாள் என்று காப்பிக்கடையில் சொல்கிறார்களாம்.

தவறு. எங்கள் மீன்களைக் கழற்றியது நான். எதிர்வீட்டுப் பித்தளைக் கையைக் கழற்றியது ஸ்டெல்லா.