இருமல் இல்லாத தெரு

"இந்த வாட்டி என்ன எடுத்துக்கினு போவ வந்திருக்கீங்க? தண்ணியா, ரத்தமா?"

வாசற்படியில் உட்கார்ந்திருந்த அம்சவல்லி எழுந்திருக்கவில்லை. பல்கலைக்கழக ஜீப்பிலிருந்து இறங்கி வந்த பெண் சங்கடமாகச் சிரித்தாள்.

"ஒண்ணும் எடுக்க வரலக்கா. என் பேரு இசைப்பிரியா, ஆராய்ச்சி மாணவி. நெய்வேலிப் பொண்ணுதான். எங்கப்பா மைன்ஸ்ல பர்மனென்ட். ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டுப் போயிடுறேன்."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொன்னாங்க."

அவள் சொன்னதில் பொய்யில்லை. டவுன்ஷிப் வேலிக்கு வெளியே கிடந்த அந்தத் தெருவைப் போல ஆராய்ச்சிக்கு ஆளான தெரு சுற்றுவட்டாரத்தில் கிடையாது. மண் படிக்கிறவர்கள் வந்து மண்ணை அள்ளிக்கொண்டு போனார்கள். செடி படிக்கிறவர்கள் வேப்பிலையைப் பஞ்சால் துடைத்துப் பார்த்தார்கள். அம்சவல்லியின் பசுகூடத் தன் பங்குக்கு ஒரு பாட்டில் பால் கொடுத்தது. ஒரு பையன் மழைக்காலம் முழுக்கக் குட்டையோரம் குந்தியிருந்து தவளைச் சத்தத்தைப் பதிவு செய்தான். அவனுக்கு டாக்டர் பட்டம் கிடைத்துவிட்டதாம். தவளைகளுக்கு என்ன கிடைத்ததென்று யாரும் சொல்லவில்லை.

இவர்களைப் பற்றித் தெருவுக்குக் கவலையில்லை. மருத்துவப் பிரிவு ஆட்கள் வந்தால்தான் வயிற்றில் புளியைக் கரைக்கும். வீட்டில் யாருக்காவது விடாத இருமல் உண்டா என்று அவர்கள் கேட்பார்கள். ஆண்களில் பாதிப் பேர் அனல்மின் நிலையச் சாம்பலில் செங்கல் அறுக்கிற தனியார் களத்தில் கான்ட்ராக்ட். இருமுகிறான் என்று தெரிந்தால் கேட் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள் என்று எவனோ கிளப்பிவிட்ட பேச்சு, தெருவில் சட்டமாகவே ஆகிவிட்டது. ஜீப் தூரத்தில் திரும்பும்போதே எச்சரிக்கைக் குரல் பறக்கும். இருமுகிறவர்கள் கொல்லைப்பக்கமாக முந்திரித் தோப்புக்குள் போய், வாயில் துண்டை அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஜீப் போன பிறகுதான் திரும்புவார்கள்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவளே அம்சவல்லிதான். தெருவில் முதன்முதலாக இருமத் தொடங்கியவன் அவள் புருஷன் கண்ணையன். கேட்டவர்களிடமெல்லாம், "எங்க வூட்டுல யாருக்கும் ஒண்ணுமில்லீங்க" என்று கல் மாதிரி நின்று சொல்லியிருக்கிறாள்.

இன்றைக்கும் குரல் கேட்டுத் தெரு காலியாகியிருந்தது. மற்ற நாளாக இருந்தால் வந்த பெண்ணுக்கு மோராவது கொடுத்திருப்பாள். இன்று நெற்றிப் பொட்டும் கழுத்துக் கயிறுமாக நடை மறித்து உட்கார்ந்திருந்தாளே தவிர, உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை. இசைப்பிரியா வேப்ப மரத்தடியில் நின்றபடியே பேசினாள்.

"அக்கா, அடுத்த மாசம் எங்க ஆஸ்பத்திரி வண்டி வருது. நெஞ்சு டாக்டர், எக்ஸ்ரே, மருந்து எல்லாம் இலவசம். ஆனா நாலஞ்சு தெருவுக்குத்தான். அதுல உங்க தெரு இல்ல."

"ஏன் இல்ல?"

"இங்க ஒருத்தருக்கும் இருமல் இல்லைன்னுதானே எல்லா ஆராய்ச்சியிலயும் வந்திருக்கு? நோயில்லாத தெருன்னா எங்க யுனிவர்சிட்டியில இதைத்தான் காட்டுவாங்க. மத்த தெருவுல நோய் எவ்வளவுன்னு உங்களோட ஒப்பிட்டுத்தான் அளக்குறாங்க."

அம்சவல்லி கொல்லைப்பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"எனக்கு மனசு ஒப்பலக்கா," என்றாள் இசைப்பிரியா. "பக்கத்துத் தெருவுல அத்தனை பேருக்கு இருக்கு. அதே களம், அதே சாம்பல். இங்க மட்டும் எப்படி இல்லாமப் போகும்? அதான் நானே கேட்டுடலாம்னு வந்தேன்."

"இருக்குதுன்னு சொன்னா கேட் பாஸ் போயிடாதா?"

"யார் பேரும் வெளிய போகாதுக்கா. டாக்டரைத் தவிர யாருக்கும் தெரியாது."

"இது எப்பலேர்ந்து?"

"ஆரம்பத்துல இருந்தே அப்படித்தான். யாரும் சொல்லலையா?"

அம்சவல்லி கழுத்துக் கயிற்றைப் பற்றிக்கொண்டாள். "சீக்கிரம் காட்டினா பொழைச்சிக்குவாங்களாம்மா?" என்று கேட்டாள்.

"நிறையப் பேர் நல்லா இருக்காங்கக்கா. முத்திப் போனாத்தான் கஷ்டம்."

தோப்புப் பக்கமிருந்து ஒரு இருமல், அமுக்கி அமுக்கி, கேட்டது. இசைப்பிரியா திரும்பிப் பார்த்தாள். இத்தனை காலம் ஊரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று அம்சவல்லிக்கு உறைத்தது.

"அந்தத் தோப்புக்குள்ளாற போம்மா," என்றாள். "தனகோட்டி இருக்கான், மாரியம்மா மவன் இருக்கான். எல்லாரும் வாயில துண்டை வெச்சிக்கினு குந்திக்கினு இருக்கானுங்க. நான்தான் ஒளியச் சொன்னேன். அம்சவல்லி அக்கா அனுப்பிச்சுதுன்னு சொல்லு, ஓட மாட்டானுங்க. ஒருத்தன் பேரையும் வுட்டுடாதே."

இசைப்பிரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்க வீட்டுல இருந்தே ஆரம்பிக்கிறேன்க்கா. இங்க யாருக்கு இருமல்?"

"எங்க வூட்டுல இல்லம்மா."

"இவ்வளவு சொல்லிட்டு உங்க வீட்டை மட்டும் மறைக்கிறீங்களே. வேண்டாம்க்கா, இன்னும் பயப்படாதீங்க."

"மறைக்கலம்மா," என்றாள் அம்சவல்லி. "போன வாரம் வரைக்கும் இருந்துச்சு. வர்ற வாரம் அவருக்குக் கருமாதி."