மாசு மருவில்லாத பாலம்

மதிய வெயில் எட்டிப்பார்க்காதபடி ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, வானப் படங்களில் கறை நீக்குகிறவள் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். கண்ணுக்கு எளிது என்று இங்கே படத்தின் நிறத்தைத் தலைகீழாக்கித்தான் பார்ப்பார்கள். வானம் வெள்ளை, நட்சத்திரங்கள் கறுப்பு. ஒன்றையொன்று நெருங்கிவிட்ட இரண்டு விண்மீன் மண்டலங்களுக்கு நடுவே மங்கலாக ஒரு பாலம் நீள்கிறது. அதன்மேல் ஈ மொய்த்தாற்போல் பதினோரு புள்ளிகள். ஒரே இடத்தை அடுத்தடுத்து எடுத்த படங்களில் முதலாவதில் அவற்றை அழித்தாயிற்று. இரண்டாவதிலும் அதே பதினொன்று. மூன்றாவதிலும் விடாக்கண்டர்களாக அங்கேயே இருக்கின்றன. ஏசி முனகுவது மட்டும் கேட்கிறது. பின்னால் வானியல் ஆய்வாளர் வந்து நிற்பது கணினித் திரையில் நிழலாய் விழுகிறது. “கேமராவுல தூசி சார். எத்தன தடவ தொடச்சாலும் வந்து நிக்குது.” “தூசின்னா எல்லாப் படத்துலயும் ஒரே இடத்துலதான இருக்கணும்? தொலைநோக்கிய கொஞ்சம் கொஞ்சம் நகத்தித்தானே எடுக்குறோம். இது பாலத்தோட சேந்து நகருது பாரும்மா.” அவர் குரல் இறங்குகிறது. “ரெண்டும் இழுத்துக்குற இழுப்புல வாயு நசுங்கி, புதுசா பொறந்த நட்சத்திரங்க. ஒவ்வொரு புள்ளியிலயும் ஆயிரக்கணக்குல இருக்கும்.” மௌஸிலிருந்து அவள் கை தானாக விலகுகிறது. அழிப்பானின் வட்டம் மட்டும் ஒரு புள்ளியைக் கவ்வியபடி அசையாமல் நிற்கிறது. எதிர்ச் சுவரில், ஆறு வருடங்களுக்கு முன் அவள் சுத்தம் செய்த முதல் படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அதிலும் இரண்டு மண்டலங்கள், நடுவே ஒரு பாலம். மாசு மருவில்லை என்று எல்லோரும் மெச்சிய படம். அந்தப் பாலத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.