தலைவருக்குக் கிடைத்த மோடம்

"நம்ம தலைவர் விலை போயிட்டாருக்கா!"

வாசலில் நின்றபடியே கத்தினாள் அடுத்த வீட்டு அஞ்சலாட்சி.

சிவசங்கரி எழுந்து வாசலுக்கு வந்தாள். "யாரைடி சொல்ற?"

"எல்லாம் முருகையனைத்தான். பழைய மோடத்தையெல்லாம் மாத்தித் தரச் சொல்லி டெலிபோன் ஆபீஸ் எதிர்ல உண்ணாவிரதம்னு தெருவையே கிளப்பினாரே? நேத்து ஆபீசர் கூப்பிட்டு ஒரு புது மோடம் குடுத்தாராம். வாங்கிக்கினு உண்ணாவிரதத்தை வேணாம்னுட்டாரு. அவரு வீட்டுப் பழைய மோடத்தை லைன்மேன் பக்கிரி எடுத்துக்கினு போனதை இந்தக் கண்ணால பார்த்தேன். பழசைத் திருப்பிக் குடுத்தாத்தானே ஆபீஸ்ல புதுசு!"

மழை தொடங்கியதிலிருந்தே முதலியார்பேட்டையில் அந்தத் தெரு முழுக்க இதே பாடுதான். செப்புக் கம்பியில் ஈரம் ஏறி பிராட்பேண்ட் அறுந்து அறுந்து போனது. அறாமல் பிடித்து நிறுத்த எக்சேஞ்சில் புதிதாக ஒரு வசதியைப் போட்டார்கள். ஆபீஸ் கொடுத்திருந்த பழைய மோடங்களுக்கோ அது ஒத்துவரவில்லை. முன்பு அவ்வப்போது அறுந்த லைன், அதற்கப்புறம் நிற்பதே அபூர்வமாகிவிட்டது.

மற்றவர்களுக்கு அது எரிச்சல். சிவசங்கரிக்கோ பிழைப்பு. வெளிநாட்டு டாக்டர்கள் பேசி அனுப்புவதை வீட்டிலிருந்தே கேட்டு டைப் செய்து தருகிறாள். இன்னொரு முறை ஃபைல் தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். ஆயுத பூஜையன்று மோடத்துக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்துக் கும்பிட்டும் பார்த்தாள். ஊகூம்.

நேற்று மாலைதான் அவளுக்கு விடிந்தது. பக்கிரி ஒரு புது மோடத்தோடு வந்தான். "ஆபீஸ்ல ஒண்ணு மிச்சம் இருந்துதும்மா. வெளியில சொல்லிக்காதீங்க" என்று மாட்டிவிட்டுப் பழையதை எடுத்துப் போனான். லைன் கல்லு மாதிரி நின்றது. ஆபீஸில் போய் அழுதது வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது அந்தப் புது மோடம் அஞ்சலாட்சி கண்ணில் படாமலிருக்க, கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"மில்லு ஸ்டிரைக்ல போலீஸ் அடி வாங்கின மனுசன்னு நம்பினோம் பாரு" என்றாள் சிவசங்கரி. முன்னால் நிற்பவன் முதுகில் முதல் கல், பின்னால் நிற்பவன் கையிலிருந்துதானே வரும்!

"வாக்கா, நேர்லயே கேட்டுடலாம்!" அஞ்சலாட்சி கையைப் பிடித்து இழுத்தாள்.

கறுப்புச் சட்டையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார் முருகையன். பாரிசிலிருக்கும் மகள் திரையில் பேசிக்கொண்டிருந்தாள்.

"இன்னா தலைவரே, மோடம் வந்துச்சாமே?" என்றாள் அஞ்சலாட்சி.

"வந்துச்சும்மா. கையில ஒண்ணுதான் இருந்துது. சரக்கு வந்ததும் தெருவுக்கே மாத்தித் தர்றேன்னு ஆபீசர் வாக்கு குடுத்திருக்காரு. தவறினா உக்காருவோம். உண்ணாவிரதம் எங்க ஓடிடப் போவுது?"

"அதுக்குள்ள அந்த ஒண்ணை நீங்க வாங்கிக்கினீங்களாக்கும்?"

"ஒரு வீட்டுக்கு அவசரம். வாங்கினேன்."

"அதானே! உங்க வீட்டு அவசரம்தானே அவசரம்!"

அவர் சிரித்தார். கோபப்படவில்லை. அதற்குள் லைன் அறுந்து, திரையில் மகளின் முகம் திறந்த வாயோடு அப்படியே நின்றுவிட்டது.

"ஐய, புது மோடமும் இதே லட்சணம்தானா?" அஞ்சலாட்சி கைகொட்டிச் சிரித்தாள்.

சிவசங்கரி சிரிக்கவில்லை. அவள் பார்வை மேசை ஓரத்தில் நிலைகுத்தி நின்றது.

சாமி படமே இல்லாத வீட்டில், சொந்த மகள் கல்யாணத்தில்கூட நெற்றியில் ஒரு பொட்டு வைக்க விடாத மனிதரின் மேசைமேல், காய்ந்த சந்தனமும் குங்குமமுமாக உட்கார்ந்திருந்தது அவளுடைய பழைய மோடம்.