ஒரு கெட்டில் வெந்நீர்

ஜமீல் பாய்க்கு வெட்கம் என்று ஒன்று இருக்கிறதா என்றே எனக்குச் சந்தேகம்.

மலேசியாவில் எங்கள் நியாலாஸில் டிசம்பர் மழை பிடித்துக்கொண்டால், விடியற்காலையில் போர்வையை விட்டு எழ மனசு வராது. பாயுடைய பழைய டீசல் வேனுக்கும் அந்தக் குளிர் ஆகாது. எஸ்டேட் எஸ்டேட்டாகக் காய்கறி விற்கப் போகிற வேன். சாவியைத் திருப்பினால் இரண்டு தரம் இருமிவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

உடனே என் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவார்.

"காந்தா! இன்னிக்கும் ஸ்டார்ட் ஆகலப்பா. கொஞ்சம் வந்து பாரு லா!"

காந்தன் அண்ணன் மெக்கானிக். மனைவி வேலாயி தவறிப்போய் இரண்டு மாசம்கூட ஆகவில்லை. அதிலிருந்து வேலைக்குப் போவதில்லை, யாரோடும் பேச்சில்லை. நான் கேட்டில் மாட்டிவிட்டு வரும் சாப்பாடு சாயங்காலம் வரை அப்படியே தொங்கும். அந்த மனுசனைப் போய் இந்தப் பாடு படுத்தலாமா?

ஒருநாள் கொட்டுகிற மழை. அண்ணன் கதவைத் திறக்கவில்லை. பாய் விட்டாரா? குடையைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் தட்டினார்.

"கீரையெல்லாம் வாடிப்போயிடும் காந்தா! எஸ்டேட்ல காத்துக்கிட்டு இருப்பாங்கப்பா!"

கடைசியில் அண்ணன் தலையில் துண்டும் கையில் வெந்நீர் கெட்டிலுமாக வந்தார். துணியை நனைத்து, இஞ்சின் காற்று இழுக்கிற குழாயைச் சுற்றிப் போட்டார். சூடு ஏறியதும், "இப்ப அடிங்க பாய்!" என்றார். வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது.

இதற்குக் கூலி? ஒரு பொட்டலம் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு! அதையும் அண்ணன் தின்று முடிக்கிற வரைக்கும் பாய் பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காப்பார். மூன்று வாரமாக இதே கூத்து.

பொறுக்க முடியாமல் பாயிடமே கேட்டுவிட்டேன்.

"இஞ்சினைச் சூடாக்குற ஹீட்டர் பிளக்கை மாத்தினா உடனே ஸ்டார்ட் ஆயிடும்னு என் வீட்டுக்காரர் சொல்றாரு. மாத்தக்கூடாதா பாய்?"

"பழைய வண்டிம்மா. இதுக்குப் போய் என்னத்த மாத்துறது?" என்று பல்லைக் காட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேன் தெருமுனை திரும்பியதும் காந்தன் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க என்ன இளிச்சவாயாண்ணே? நாளைக்கு வந்து தட்டினா திறக்காதீங்க. முதல்ல பிளக்கை மாத்தச் சொல்லுங்க!"

"நாலு பிளக்கும் புதுசு, தங்கச்சி."

"என்னது?"

"வண்டியை நிறுத்தினதும் பாய் அதுக்குப் போற ஒயரைக் கழட்டிவிட்டுடறாரு. நான் முதல் நாளே பாத்துட்டேன்."

"அட ஆண்டவனே! எதுக்கு?"

"சும்மா கூப்பிட்டா நான் வெளியே வரமாட்டேன். வண்டி மக்கர் பண்ணுதுன்னா வந்துடுவேன். அது அவருக்குத் தெரியும்."

மூன்று வாரமாக பாயை என்னவெல்லாம் திட்டியிருக்கிறேன்!

"சரி, தெரிஞ்சும் நீங்க ஏண்ணே அந்த ஒயரை மாட்டிவிடல?"

அண்ணன் கெட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"மாட்டிவிட்டா, நாளைக்கு யாரு வந்து என் கதவைத் தட்டுவாங்க?"