நிமிர்ந்த முதுகு

தேய்ந்துபோன இடுப்பு மூட்டை மாற்றக் கொழும்புக்கு அனுப்பலாமா என்று டொக்டர் நியாஸ் சோதித்துக்கொண்டிருந்தார். கிண்ணியாவிலிருந்து வந்த ஆசியா உம்மா வாங்கில் பலகைபோல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்சம் முதுகைத் தளர்த்திக் கூனி இருங்க."

"ஏலாது."

டொக்டர் வெளியே வந்து நேர்ஸ் கமலேஸ்வரியிடம் சொன்னார். "மிஸ்ஸி, இருக்கும்போது முதுகு வளைந்து இடுப்பெலும்பு பின்னுக்குச் சாயவேணும். இவங்களுக்கு அசையவே இல்ல. புது மூட்டைப் போட்டாலும் இருந்தெழும்பக்குள்ள கழன்றுவிடும். அனுப்ப ஏலாது."

அவர் குரல் தழுதழுத்தது. அன்றுதான் திருகோணமலைக்கு மாற்றலாகி வந்திருந்த கமலேஸ்வரி, நோயாளிக்காக இப்படிக் கலங்கும் டொக்டரைக் கண்டதில்லை.

அவள் திரையை விலக்கி உள்ளே போனாள். உம்மா முக்காட்டைத் தளர்த்தி, முதுகைக் கூனிச் சுவரில் சுகமாகச் சாய்ந்திருந்தார்.

"என்ன உம்மா, இப்ப நல்லா வளையுதே! ஏன் ஏலாது எண்டு சொன்னனீங்கள்? காலம் முழுக்க நொண்டப் போறீங்களோ?"

"மெல்லக் கதை புள்ள. அவருக்கு முன்னால நான் எப்பவும் நிக்கிறதுதான், இருந்ததே இல்ல. இண்டைக்கு இருந்ததே பெரிய வெக்கம். இதில கூனியும் காட்டுறதா?"

"டொக்டருக்கு முன்னால என்ன வெக்கம்?"

"உங்களுக்குத்தான் அவர் டொக்டர். எனக்கு மூத்த மகள்ட மாப்பிள்ள."

திரைக்கு வெளியேயிருந்து குரல் வந்தது.

"மிஸ்ஸி, மாமியை அப்படியே இருக்கச் சொல்லுங்க. நான் உள்ள வரல்ல. நீங்களே இடுப்பில கைவைத்துப் பார்த்துச் சொல்லுங்க."