வாகன யோகம்

“ரெண்டாவது காரையும் சொந்தமாவே வாங்கிடலாங்க. வாடகைக் காருல போயி எறங்குனா என் தங்கச்சி சிரிப்பா,” என்றாள் சிந்தாமணி.

“வாங்கி எங்க நிறுத்துறது, தெருவுலயா? மாச வாடகைன்னா ராத்திரி டிரைவரே எடுத்துட்டுப் போயிடுவாரு,” என்றார் விருத்தாசலம் செராமிக் கம்பெனி முதலாளி கொளஞ்சிநாதன்.

இருவரும் போர்டிகோவைப் பார்த்தார்கள். முதல் கார் பளபளவென்று நின்றது. அதற்கெதிரே, பெரிய கேட்டை எடுத்துவிட்டு, வாஸ்துக்காரர் குறித்த நல்ல நேரம் தவறிவிடுமே என்று அவசரமாக எழுப்பிய சுவர். ஈசான மூலையில் திறந்த புது வாசலில் ஸ்கூட்டர்தான் நுழையும்.

“பேசாம சுவத்த இடிச்சிட்டா?” என்றாள் சிந்தாமணி.

“வாய மூடு! வாசல மாத்துனா வூட்டுக்கு இன்னொரு காரு வந்தே தீரும்னாரு வாஸ்துக்காரரு. ஒரு மாசங்கூட ஆவல, வருதா இல்லியா?”