பூட்டுப் போட்ட பாடம்

"கள்ளன் ஆர் எண்டு தெரியாமல் இண்டைக்குப் பாடம் இல்லை" என்றார் தில்லைநாதன் மாஸ்ரர். சூம் திரை முழுக்கக் கறுப்புப் பெட்டிகள். யாரோ ஒருவர் வீட்டுச் சேவல் மட்டும் கூவியது.

கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தன. உயர்தரப் பரீட்சையோ நெருங்கிக்கொண்டிருந்தது. மாஸ்ரரின் பௌதிகவியல் வீடியோக்களைத் திறக்கும் பாஸ்வேர்ட் நீர்வேலியில் அவரிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டுமே தெரியும். ஆனால் வீடியோக்களின் கீழே கொடிகாமத்துப் பிள்ளைகள் ஊர்ப் பேரையும் போட்டுச் சந்தேகம் கேட்டு எழுதியிருந்தார்கள். மாஸ்ரர் பல்லைக் கடித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருந்தார்.

"நிருஷன், கமராவைப் போடும்."

"கமரா வேலை செய்யுதில்லை சேர்."

"போன கிழமை மைக் வேலை செய்யேல்லை. வாய் மட்டும் ஒருநாளும் பழுதாகிறேல்லை, என்ன?"

"சத்தியமா ஒருத்தருக்கும் சொல்லேல்லை சேர். தர்சிகாவுக்கு மட்டும்தான்."

"அது ஆர்?"

"உடுவில் பிள்ளை, சேர். அவவும் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டவ. வேலணையிலை இருக்கிற என்ரை மச்சான் கேட்டதுக்குக்கூட நான் சொல்லேல்லை."

மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பாஸ்வேர்ட்டை மாத்தப்போறன். இனி ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வரும். வெளியிலை போச்சுதெண்டால் வகுப்பே கிடையாது." மடிக்கணினி படாரென்று மூடியது.

"ஊரடங்கிலை பொலிஸ்கூட இப்பிடி விசாரிக்கேல்லை" என்றாள் பத்மாசினி, அவருடைய மனைவி. வீடியோ எடுக்கும்போதெல்லாம் போனைப் பிடித்திருப்பது அவள்தான். அதில் தோள்மூட்டு நொந்து போயிருந்தது.

ஊரடங்கு தொடங்கிய புதிதில் இதே வீடியோக்களை, எவரும் பார்க்கட்டும் என்று பூட்டில்லாமல் போட்டவர் மாஸ்ரர். பார்த்தது அவரும் மனைவியும்தான். "சும்மா குடுக்கிற பாடத்திலை என்ன மாஸ்ரர் இருக்கப்போகுது?" என்று ஒரு தாய் போன் எடுத்தே கேட்டாள். அடுத்த நாளே பூட்டு விழுந்தது.

"இஞ்சாருங்கோ, இன்னும் எழுதியிருக்கினம்" என்று பத்மாசினி போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "உடுவிலிலை ஆறேழு பேர். சாவகச்சேரி. பருத்தித்துறையிலையும் ஒரு பெடியன்."

"தீவுப்பக்கம்? வேலணையிலை?"

"ஒருத்தரும் இல்லை."

மாஸ்ரரின் முகம் இன்னும் கறுத்தது. எழுந்து போய் யன்னலடியில் நின்றார். மழை வரும்போல இருந்தது. வந்தால் சிக்னல் போய்விடும்.

"அப்ப புதுப் பாஸ்வேர்ட்டை முதல் ஆருக்கு அனுப்ப?" என்று பத்மாசினி கேட்டாள்.

"நிருஷனுக்கு அனுப்பும். ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம், முக்கியமா வேலணை மச்சானுக்கு எண்டு கண்டிப்பாப் போடும்."